ராஸ்காமன்: நிலமும் இடப்பெயர் மரபும்

ஒரு நாட்டின் பழமையை அறிவதற்கு இலக்கியம், கல்வெட்டு, தொல்பொருள் ஆகிய மூன்றையும் அறிஞர் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வர். இவற்றோடு நான்காவதாக வைத்து எண்ணத்தக்கது இடப்பெயர். ஏட்டைச் செல் அரிக்கலாம், கல் சிதையலாம், ஊரின் பெயரோ மக்கள் நாவில் வழங்கும் காலமெல்லாம் அழியாது நிற்கும். ஆயின், அம்மக்கள் தம் மொழியையே இழந்து வேறொரு மொழியைத் தமதாக்கிக்கொள்ளின், அப்பெயர்களின் நிலை யாதாகும்? ஒலி எஞ்சுமாயினும் பொருள் எஞ்சுமோ? பெயரைப் பற்றிநின்ற கதையும் உரிமையும் என்ன ஆகும்? இவ்வினாக்களை ஆராய்தற்கு ஏற்ற களம் அயர்லாந்து நாட்டின் ராஸ்காமன் மாவட்டம். பழைய அரசிருக்கை ஒன்று அங்கே உள்ளது. அதனைப் பற்றிய கதைகள் இடைக்கால ஏடுகளில் எழுதப்பெற்றுள்ளன. அந்நிலத்தைத் தொல்பொருள் அறிஞர் கருவிகொண்டு ஆராய்ந்துள்ளனர். அக்கதைகள் பிறந்த ஐரிஷ் மொழியோ அங்கே ஊர்வழக்கில் இன்று இல்லை. ஆதலின் நிலம், கதை, பெயர் ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

நிலத்தின் இயல்பு

ராஸ்காமன், அயர்லாந்தின் மேற்குப் பகுதியாகிய கானக்ட் மாகாணத்தைச் சேர்ந்தது. கடற்கரை இல்லாத உள்நாட்டு மாவட்டம். இதன் பரப்பு ஏறத்தாழ 2,550 சதுர கிலோமீட்டர். கிழக்கே ஷானன் ஆறும், அவ்வாறு விரிந்து உண்டாக்கும் ரீ ஏரியும் எல்லையாக அமைகின்றன; மேற்கில் நெடுந்தொலைவு சக் என்னும் ஆறு எல்லையாக ஓடுகின்றது. வடக்கே கர்லியூ மலைத்தொடர் உள்ளது. வடகோடியில் உள்ள அரிக்னா மலைப்பகுதியில் 1990ஆம் ஆண்டு வரை நிலக்கரி தோண்டப்பெற்றது. ஆற்றோரத் தாழ்நிலங்கள் பலவும் கரிச்சேற்று நிலங்களாம். மட்கிய தாவரங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து உண்டான அச்சேற்றை வெட்டி உலர்த்தி மக்கள் அடுப்பெரித்து வந்தனர்.

மாவட்டத்தின் நடுவே பரந்து கிடப்பது சுண்ணாம்புப் பாறையின்மேல் அமைந்த புல்வெளி. 'கானக்டின் சமவெளி' எனப் பொருள்படும் பெயரால் ஐரிஷ் மக்கள் அதனை வழங்கினர். அவ்வெளியின் சிறப்பு ஒன்று கருதத்தக்கது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் பாறைப் பிளவுகளின் வழியே மேலெழுந்து பள்ளங்களை ஏரியாக்கும். கோடையில் அந்நீர் வந்த வழியே வடிந்துவிட, ஏரி கிடந்த இடம் மேய்ச்சல் நிலமாகும். இத்தகைய ஏரிக்கு 'துர்லாக்' என்பது பெயர். 'துர்' என்பதற்கு வறண்டது என்றும், 'லாக்' என்பதற்கு ஏரி என்றும் பொருள் கூறுவர். நிலவியலாரும் இச்சொல்லையே குறியீடாக ஏற்று ஆள்கின்றனர். நிலத்தின் இயல்பைக் கூர்ந்து நோக்கிய மக்கள் இட்ட பெயர், பிற்கால அறிவியலுக்கும் பயன்பட்டமைக்கு இஃது ஒரு சான்று.

சுண்ணாம்பு நிலத்தில் வளரும் புல் கால்நடைக்கு மிக ஏற்றது. ஆதலின் இங்கே செல்வம் என்பது மாட்டுச் செல்வமாகவே இருந்தது. இந்நிலத்தின் தலையாய கதை ஒரு காளையின் பொருட்டு எழுந்த போரைப் பற்றியதாக அமைந்ததற்கு இதுவே அடிப்படை என்க.

குரூவகன் என்னும் அரசிருக்கை

அச்சமவெளியில், டல்ஸ்க் என்னும் சிற்றூருக்கு அணித்தே உள்ளது ராத்குரோகன். இதனைப் பழைய ஏடுகள் 'குரூவகன்' எனக் குறிக்கும். கானக்ட் அரசர்களின் பழம்பதி இதுவே. 'கூலின்யே ஆநிரை கவர்தல்' என்னும் பெருங்கதையில் அரசி மேவும் அவள் கணவன் அலிலும் வீற்றிருந்ததாகக் கூறப்படும் இடமும் இதுவே. கணவனிடம் வெண்கொம்புக் காளை ஒன்று இருந்தது. அதற்கு ஈடான காளை மேவிடம் இல்லை. அக்குறையை நீக்க வேண்டி, அல்ஸ்டர் நாட்டுக் கருங்காளையைக் கவர அவள் படையெடுத்தாள் என்பது கதை.

இன்று அங்கே செல்வோர் கோட்டையையோ மாளிகையையோ காணார். காணப்படுவது ஏறத்தாழ 90 மீட்டர் குறுக்களவும் 6 மீட்டர் உயரமும் உடைய ஒரு புல்மூடிய மேடு. அதனைச் சூழ ஆறேழு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஈமக்குவைகள், வட்ட மண்கோட்டைகள், நடுகற்கள், நிலவறைகள் என இருநூற்றுக்கு மேற்பட்ட தொல்லிடங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. 1990களில் கால்வே பல்கலைக்கழக அறிஞர் ஜான் வாடெல் முதலியோர் காந்தவியற் கருவிகளாலும் பிற கருவிகளாலும், மண்ணைத் தோண்டாமலேயே இம்மேட்டை ஆராய்ந்தனர். மேட்டைச் சுற்றி 360 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய வட்ட அடைப்பு ஒன்று மண்ணுக்குள் புதைந்திருப்பதை அவ்வாய்வு வெளிப்படுத்தியது. ஆய்வின் முழு விளக்கம் 2009இல் நூலாக வெளிவந்தது. ஆகவே, ஏடுகள் பெருஞ்சிறப்போடு பேசும் இவ்விடம் உண்மையிலேயே பெருமக்கள் கூடிய சடங்குக் களமாக விளங்கியது என்பதை மண்ணும் உறுதிப்படுத்துகின்றது.

எனினும், கதையை அவ்வாறே வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. இதனை இரு சான்றுகளால் விளக்குவோம்.

முதற்சான்று 'பூனைகளின் குகை' எனப்படும் இடம். செயற்கையாகக் கல் அடுக்கிய நிலவறை ஒன்று, இயற்கையான சுண்ணாம்புப் பாறைப் பிளவுக்குள் இட்டுச் செல்கின்றது. சாவின் என்னும் குளிர்காலத் தொடக்க இரவில் மறுவுலகத்தார் வெளிப்படும் வாயில் இது என்று பழங்கதைகள் கூறும்; கிறித்தவத் துறவியர் எழுதிய கதை ஒன்று இதனையே அயர்லாந்தின் நரக வாயில் என்று கூறும். நிலவறையின் மேற்கல் ஒன்றில் 'ஓகம்' எழுத்துப் பொறிப்பு உள்ளது. ஓகம் என்பது கல்லின் விளிம்பையே நடுக்கோடாகக் கொண்டு, அதன் இருபுறமும் கீற்றுகள் இட்டு எழுதும் பழைய ஐரிஷ் எழுத்துமுறை. 'மேத்வின் மகனாகிய விராக்கினுடையது' என்பது அப்பொறிப்பின் பொருள். மேத்வு என்பதை மேவ் என்னும் அரசியாகக் கருதிப் பலர் மகிழ்ந்தனர். ஆயின், பொறிப்பில் உள்ள ஆறாம் வேற்றுமை ஈறு ஆண்பாற் பெயர்க்கு உரியது. ஆதலின் இக்கல் அரசியைச் சுட்டுகின்றது எனத் துணிய இயலாது. பெயரொப்புமை ஈர்க்கும்போது, இலக்கணம் எச்சரிக்கின்றது.

இரண்டாம் சான்று டாஹி என்னும் அரசனின் நடுகல். ஆல்ப்ஸ் மலையில் இடி தாக்கி மாண்ட அவ்வரசனின் உடல் குரூவகனுக்குக் கொணரப்பட்டு இங்கே அடக்கம் செய்யப்பட்டது என்பர், அவன் கி.பி. 5ஆம் நூற்றாண்டினனாகக் கருதப்படுபவன். கல் நிற்கும் மேட்டில் 1981இல் அகழ்ந்தபோது, மேட்டின் அமைப்பு அவ்வரசன் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டது எனத் தெரிந்தது. எனவே, கதை அவ்விடத்தை உண்டாக்கவில்லை. முன்னரே மக்கள் போற்றிய இடத்தைக் கதை பின்னர் வந்து பற்றிக்கொண்டது.

இடப்பெயர்க் கதைத் தொகுதி

இவ்வாறு இடமும் கதையும் பிணைந்த மரபை ஐரிஷ் புலவர்கள் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்த்தனர். அதற்கு 'டின்ஷென்ஹஸ்' என்பது பெயர். 'டின்' என்பது சிறப்புடைய மேட்டிடம். 'ஷென்ஹஸ்' என்பது பழமரபுச் செய்தி. உரைநடையாகவும் செய்யுளாகவும் உள்ள இத்தொகுதி, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லென்ஸ்டர் ஏட்டிலும் பிற்கால ஏடுகளிலும் காணப்படுகின்றது. ஒவ்வோர் இடத்துக்கும் அப்பெயர் ஏன் வந்தது என்று வினவி, அதற்கு ஒரு கதையை, சிலபோது இரண்டு மூன்று கதைகளை விடையாகத் தருவது இதன் அமைப்பு. புலவனாக விரும்புவோன் இக்கதைகளைக் கற்றிருத்தல் வேண்டும் என்பது விதி.

இதன் செய்யுட்பகுதியை எட்வர்ட் குவின் 1903 முதல் 1935 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். உரைநடைப் பகுதியைப் பிரான்சு நாட்டு ரென் நகர ஏட்டிலிருந்து 1894, 1895ஆம் ஆண்டுகளில் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தவர் விட்லி ஸ்டோக்ஸ். டப்ளினில் 1830இல் பிறந்த இவர், 1862இல் இந்தியா போந்து, சென்னையிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் சட்டத்துறைப் பணி ஆற்றியவர். பழைய ஐரிஷ் உரைக்குறிப்புகள் பற்றிய நூல் ஒன்றை 1866இல் கல்கத்தாவிலேயே அச்சிட்டார். இடப்பெயர்க் கதைகளை உலக அறிஞர்க்கு வழங்கிய கைகளுள் ஒன்று நம் நாட்டில் பணிபுரிந்த கை என்பதைத் தமிழ் ஆய்வாளர் அறிந்திருத்தல் நன்று.

இத்தொகுதி குரூவகன் என்னும் பெயரை எவ்வாறு விளக்குகின்றது என்று காண்போம். மிதிர் என்னும் மறுவுலகத் தலைவன், எத்தேன் என்னும் அழகியைக் கவர்ந்து சென்றபோது, அவளுடைய தோழி குரோஹன் என்பாளும் உடன் சென்றாள். வழியில் இவ்விடத்தே தங்கினர். தன் பெயர் இவ்விடத்துக்கு வழங்கவேண்டும் என்று தோழி வேண்ட, அவ்வாறே ஆயிற்று என்பது கதை. மொழியியலார் 'குரூவக்' என்பது குவியல் அல்லது மேடு என்னும் பொருளுடைய சொல் என்பர். அங்கு நிற்கும் மேட்டை நோக்கின் இவ்விளக்கமே பொருந்துவது தெளிவு.

ஷானன் ஆற்றுக்கும் இத்தகைய கதை உண்டு. அறிவு ஊறும் சுனை ஒன்றைத் தேடிச் சென்ற ஷினன் என்னும் நங்கை, அந்நீரால் அடித்துச் செல்லப்பட்டு இறந்தாள். ஆறு அவள் பெயரைப் பெற்றது என்பர். அவ்வாற்றின் மேல் அமைந்த அத்லோன் நகரின் பெயரும் அவ்வாறே விளக்கப்படும். ஆநிரைக் கதையின் இறுதியில் கருங்காளை வெண்கொம்புக் காளையைக் கொன்று, அதன் உடற்கூறுகளைக் கொம்பில் ஏந்தித் திரிகின்றது. அது நீர் அருந்திய துறையொன்றில் இடுப்புப் பகுதி வீழ்ந்தது. இடுப்பைக் குறிக்கும் 'லோன்' என்னும் சொல்லால் அத்துறை 'ஆத் லோன்' ஆயிற்று என்பது கதை. 'லோன்' என்பது ஒருவன் பெயராகலாம் என்பர் இக்காலத்தார்.

இவ்விளக்கங்களுட் பலவும் சொற்பிறப்பு நெறிக்கு ஒவ்வாதவை. அதுகொண்டு இவற்றைப் பயனற்றவை எனத் தள்ளுதல் கூடாது. சொல் எங்கிருந்து பிறந்தது என்பதை இவை காட்டா. அந்நிலத்தை மக்கள் எவ்வாறு நினைவிற் கொண்டனர் என்பதைக் காட்டும். பதினெட்டு இருபது துறைகளைக் கடந்து செல்லும் ஒருவன், ஒவ்வொரு துறையிலும் கதையின் ஒரு பகுதியை நினைவுகூர்வானாயின், அவனுக்குக் கதையே வழிகாட்டும் படமாகும்.

பெயரும் ஆட்சியுரிமையும்

இடப்பெயர் நினைவுக்கு மட்டுமன்றி உரிமைக்கும் சான்றாயிற்று என்பதற்கு டல்ஸ்க் ஊரின் தெற்கே உள்ள 'கார்ன் ஃபிரேக்' என்னும் கற்குவை சான்று. ஃபிரேக் என்பான் ஆநிரைக் கதையில் மாண்ட வீரன். அவன் கற்குவை என்பது பெயரின் பொருள். இடைக்காலத்தில் கானக்டை ஆண்ட ஓ'கானர் குலத்து அரசர்கள் இம்மேட்டின்மேல் நின்றே முடிபுனைந்தனர். 1310இல் ஃபெலிம் ஓ'கானர் அரசேற்றதைக் கானக்ட் ஆண்டுக்குறிப்பு சிறப்பாகப் பதிந்துள்ளது. அரசன் நாட்டை மணப்பதாகவே அச்சடங்கு கருதப்பட்டது. பரம்பரை வரலாற்றுப் புலவராகிய ஓ'மல்கோனரி குடியினர்க்கு அச்சடங்கில் தனியுரிமை இருந்தது. பழங்கதை கூறும் மேட்டில், பழங்கதை அறிந்த புலவன் முன்னிலையில் நின்றாலன்றி அரசன் அரசனாகான். இங்கே இடப்பெயர்க் கதை அணியன்று. ஆட்சிக்கு ஆதாரமான ஆவணம் எனலாம்.

பாயில் நகரில் 1161இல் நிறுவப்பெற்ற சிஸ்டர்சியத் துறவியர் மடமும், கே ஏரியின் பெயரால் வழங்கி 1014 முதல் 1590 வரையுள்ள செய்திகளைக் கூறும் ஆண்டுக்குறிப்பும், இம்மாவட்டத்தில் எழுத்து மரபு வேரூன்றி இருந்தமைக்குச் சான்றுகள். 17ஆம் நூற்றாண்டில் பழைய குலத்தலைவர்களின் ஆட்சி வீழ்ந்தபோது, அவர்களைச் சார்ந்து வாழ்ந்த புலவர் குடிகளும் நிலைகுலைந்தன. மரபைக் கற்பித்தோர் மறைய, கதை ஊர்மக்கள் வாய்மொழியில் மட்டுமே தங்கிற்று.

நிலப்படமும் பஞ்சமும்

19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் அவ்வாய்மொழியின் ஊழை முடிவு செய்தன.

ஒன்று அரசாங்க நில அளவை. வரி விதிப்புக்காக அயர்லாந்து முழுமையும் அளக்கும் பணி 1824இல் தொடங்கிற்று. பெயர்களை ஆராயும் பொறுப்பு ஜான் ஓ'டோனவன் என்னும் அறிஞர்க்கு 1830இல் கிடைத்தது. அவர் 1837இல் ராஸ்காமனில் ஊர் ஊராகச் சென்று, முதியோர் பெயர்களை ஒலிக்கும் முறையைக் கேட்டு, பழைய ஏடுகளோடு ஒப்பிட்டுத் தலைமையகத்துக்கு மடல்கள் எழுதினார். ஐரிஷ் வடிவங்கள் பெயர்க் குறிப்பேடுகளில் பதியப்பெற்றன. நிலப்படத்திலோ ஆங்கில எழுத்துக்கூட்டலில் அமைந்த வடிவங்களே ஏறின. ஒரே பணி, பெயரைக் காத்தும் தந்தது. அதன் பொருளை மறைத்தும் விட்டது.

மற்றொன்று 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சம். உருளைக்கிழங்கு நோயுற்று அழிய, அதனையே உணவாகக் கொண்ட ஏழை மக்கள் மடிந்தனர். 1841இல் ஏறத்தாழ 2,53,000 ஆக இருந்த இம்மாவட்ட மக்கள்தொகை, 1851இல் ஏறத்தாழ 1,73,000 ஆகக் குறைந்தது. ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையின் உரிமையாளர் டெனிஸ் மேஹன் 1847இல் குடியானவர் ஆயிரவரைக் கனடாவுக்கு அனுப்பினார். அவர்கள் டப்ளின் வரை நடந்தே சென்றனர். அவர்களுட் பலர் ஏறிய 'வர்ஜீனியஸ்' என்னும் கப்பலில் இருந்த 476 பேருள் 158 பேர் கடலிலேயே இறந்தனர். அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் மேஹன் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாளிகையைச் சார்ந்து தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் 1994இல் திறக்கப்பெற்றது. இறந்தோரும் வெளியேறினோரும் பெரும்பாலும் ஐரிஷ் மொழி பேசிய ஏழையர் ஆதலின், பஞ்சம் மக்களை மட்டுமன்றி மொழியையும் கொண்டுசென்றது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 70,000ஐச் சற்றே கடந்திருந்தது. ஐரிஷ் பேசும் பகுதியாக அரசு ஏற்ற நிலம் எதுவும் இம்மாவட்டத்தில் இல்லை.

பெயர்கள் எய்திய மூவகை நிலை

மொழி நீங்கிய பின்னர் ராஸ்காமன் ஊர்ப்பெயர்கள் மூவகை நிலை எய்தின எனப் பகுக்கலாம்.

முதலாவது, ஒலி நின்று பொருள் மறைந்தவை. 'ராஸ்காமன்' என்பதே இதற்கு எடுத்துக்காட்டு. 'ரோஸ் கோமான்' என்பது ஐரிஷ் வடிவம். கோமான் என்னும் துறவியின் காடு என்பது பொருள். தமிழ்ச் சொல்லாகிய 'கோமான்' என்பதோடு ஒலி ஒத்திருத்தல் பற்றி உறவு கற்பித்தல் கூடாது. இது தற்செயலான ஒப்புமையே. 'ஆத் லீக்' என்னும் ஊர்ப்பெயர் கற்கள் உள்ள ஆற்றுத்துறை எனப் பொருள்படும். ஆங்கிலத்தில் 'அத்லீக்' என்று எழுதப்பட்டபின் அத்துறையும் கல்லும் பெயரில் புலப்படுவதில்லை.

இரண்டாவது, மொழிபெயர்க்கப்பட்டவை. ஸ்ட்ரோக்ஸ்டவுனின் ஐரிஷ் பெயர், அடிகள் விழுந்த துறையின் வாய் என்னும் பொருளது. யாரோ போரிட்ட நினைவு அதன்கண் உள்ளது. ஆங்கிலப் பெயர் 'அடி' என்பதை மட்டும் பெயர்த்து, துறையை விடுத்து, 'ஊர்' என்பதைச் சேர்த்துக்கொண்டது. கேட்போர் ஸ்ட்ரோக் என்பானொருவன் நிறுவிய ஊர் என்றே எண்ணுவர்.

மூன்றாவது, முற்றும் மாற்றப்பட்டவை. 'டூன் கார்' என்னும் பழம்பெயருடைய ஊர், அங்கே நிலம் பெற்ற பிரெஞ்ச் என்னும் குடும்பத்தின் பெயரால் 'பிரெஞ்ச்பார்க்' ஆயிற்று. பழம்பெயரிலுள்ள 'டூன்' என்னும் சொல் கோட்டையைக் குறிக்கும். புதுப்பெயர் நிலக்கிழாரை மட்டுமே குறிக்கும்.

இம்மூன்றனுள் முதல்வகையே ஆய்வாளர்க்குப் பெரிதும் பயன்படுவது. பொருள் மறைந்தாலும் ஒலி நிற்குமாயின், பழைய ஏடுகளின் துணையால் பொருளை மீட்கலாம். மொழிபெயர்ப்போ அரைகுறை நினைவைத் தருகின்றது. மாற்றம் நினைவையே துடைக்கின்றது.

மீட்பு முயற்சி

பிரெஞ்ச்பார்க் பகுதியிலேயே மீட்பு முயற்சியும் முளைத்தது. 1860இல் காசில்ரே என்னும் ஊரில் பிறந்த டக்ளஸ் ஹைட், ஆங்கிலம் பேசிய பாதிரியார் ஒருவரின் மகன். இளமையில் பிரெஞ்ச்பார்க் சூழலில் முதிய குடியானவர்களிடம் ஐரிஷ் மொழியைச் செவிவழியே கற்றார். அவர்கள் பாடிய பாடல்களைத் திரட்டிக் 'கானக்டின் காதற் பாடல்கள்' என்னும் தொகுப்பாக 1893இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவில், ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும் ஆங்கிலமயமாதலை வன்மையாகக் கண்டித்தார். 1893இல் கேலிக் மொழிக் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். 1938 முதல் 1945 வரை அயர்லாந்தின் முதற் குடியரசுத் தலைவராகவும் விளங்கினார். 1949இல் மறைந்த அவர், பிரெஞ்ச்பார்க்கை அடுத்த தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

பின்னர், 1935இல் நாட்டார் வழக்காற்றுக் குழுவும், 1946இல் இடப்பெயர்க் குழுவும் அரசால் அமைக்கப்பட்டன. 1937 முதல் 1939 வரை பள்ளி மாணவர் தம் ஊர் முதியோரிடம் கேட்டெழுதிய செய்திகளுள் வயல்களின் பெயர்களும் குன்றுகளின் கதைகளும் மிகுதியாக உள்ளன. இடப்பெயர்களின் ஐரிஷ் வடிவங்களும் அவற்றுக்குரிய பழைய சான்றுகளும் 2008 முதல் கணினிவழி எவரும் காணுமாறு வைக்கப்பட்டுள்ளன. ராத்குரோகன் உள்ளிட்ட பழைய அரசிருக்கைகள், உலக மரபிடத் தகுதி பெறுதற்குரியவற்றின் முன்பட்டியலில் 2010 முதல் இடம்பெற்றுள்ளன.

முடிபு

மேற்கண்டவற்றால் பெறப்படுவன இவை. இடப்பெயர்க் கதையைச் சொற்பிறப்பு விளக்கமாகக் கொள்ளின் பெரும்பாலும் பிழைபடும். வரலாறாகக் கொள்ளின் அகழாய்வு மறுக்கும். மக்கள் நிலத்தின்மேல் எழுதிய நினைவாகவும் உரிமைச் சான்றாகவும் கொள்ளின் அஃது ஈடற்ற கருவியாகும். ஏடு, மண், பெயர் என்னும் மூன்றனுள் ஒன்று பிழைபடும் இடத்தை மற்றவை திருத்துகின்றன. ஆதலின் ஒன்றை மட்டும் நம்பும் ஆய்வு குறையுடையது.

ராஸ்காமன் கற்பிக்கும் பாடம் பிறிதொன்றும் உண்டு. பெரிய மேடுகளின் பெயர்கள் ஏட்டில் ஏறியமையால் பிழைத்தன. ஏட்டில் ஏறாத வயல், சுனை, பாறை, ஒற்றையடிப்பாதை ஆகியவற்றின் பெயர்களோ, அவற்றைச் சொல்லிய கடைசி முதியோரோடு மறைந்தன. ஓ'டோனவன் 1837இல் கேட்டெழுதியவற்றைப் பத்தாண்டுகள் தாழ்த்திருப்பின், சொல்லுவோருட் பலர் இருந்திரார். ஆகவே, இடப்பெயர் தொகுக்கும் பணி, மொழி வழக்கில் உள்ளபோதே, சொல்லுவோர் வாழும்போதே செய்தற்குரியது.

அவ்வாறு தொகுக்குங்கால், பெயரை மட்டும் எழுதிக்கொண்டு கதையை விடுதலும், கதையை எழுதிக்கொண்டு ஒலிக்கும் முறையை விடுதலும் கூடா. பெயர், அதன் ஒலி, அதன்மேல் வழங்கும் கதை, அது நிற்கும் நிலத்தின் வடிவம் ஆகிய நான்கும் ஒருசேரப் பதியப்படல் வேண்டும். அந்நான்கனுள் எஞ்சிய ஒன்றைக் கொண்டு பிறவற்றை மீட்க ஐரிஷ் அறிஞர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உழைத்து வருகின்றனர். அவ்வுழைப்பின் அருமையே, தொகுக்கும் பணியைத் தாழ்த்தலாகாது என்பதற்குப் போதிய சான்று.